பிரெஞ்சுக் கிராமத்தில் இருவர் குடித்தனம்: பயனுள்ள குறிப்புகள்

பிரான்சின் தென்மேற்கில் லோத் என்றொரு மாவட்டம் இருக்கிறது. காஓர் அதன் தலைநகர். சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம், குட்டை ஓக் மரங்கள், ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் கல்வீடுகள் என்று பரந்து கிடக்கும் பகுதி. ஓட்டலில் ஓர் இரவு தங்கிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள் தேவைப்படாது. கணவனும் மனைவியுமாக ஒரு வீடு எடுத்து, அடுப்பு மூட்டி, துணி துவைத்து, சந்தைக்குப் போய், சுற்று வட்டாரத்தையும் பார்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். நானும் என் கணவரும் அங்கே அப்படித்தான் தங்குவோம். மற்ற மாவட்டக் கிராமங்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

1. கிராமத்து வாடகை வீட்டுக்கு ‘ஜீத்’ என்று பெயர். கோடையில் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என வாரக் கணக்கில்தான் பெரும்பாலும் கிடைக்கும். பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: படுக்கை விரிப்பும் துண்டும் உண்டா, கிளம்பும்போது வீட்டைத் துடைத்துக் கொடுப்பது யார் பொறுப்பு, குளிர்காலத்தில் மின்சாரத்துக்குத் தனிக் கட்டணமா? பல வீடுகளில் விரிப்புக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள்.

2. வந்து இறங்கியதும் ஊரின் நேரக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பகல் 12 மணி அடித்தால் கடைகள் மூடும். மறுபடி திறக்க 2 மணி ஆகும், சில இடங்களில் 3. ஞாயிறு பிற்பகல் எதுவும் இருக்காது, திங்களன்று பல கடைகளுக்கு விடுமுறை. உணவகங்களில் மதியச் சாப்பாடு 12 முதல் ஒன்றரை வரைதான். இரண்டு மணிக்குப் பசியோடு போய் நின்றால் சமையலறை மூடியாகிவிட்டது என்றுதான் பதில் வரும். எனவே சனிக்கிழமையே முட்டை, வெங்காயம், பாஸ்தா, பால் எல்லாம் திங்கள் இரவு வரை போதுமா என்று பார்த்துவிடுங்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் அபாயச் சங்கு ஊதினால் பயப்பட வேண்டாம். அது நாடு முழுவதும் நடக்கும் வழக்கமான சோதனை.

3. கடைக்குள், மருந்தகத்துக்குள், பேருந்துக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை ‘போன்ஜூர்’ ஆக இருக்கட்டும். அதைச் சொல்லாமல் ‘தக்காளி எவ்வளவு?’ என்று ஆரம்பித்தால் மரியாதை தெரியாதவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். தெருவில் எதிரே வரும் அறியாத முதியவருக்கும் சொல்லலாம், சொல்ல வேண்டும். மீதி பிரெஞ்சு எவ்வளவு தடுமாறினாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

4. ரொட்டி விஷயத்தில் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அந்த ஊர்களின் காலை அதில்தான் தொடங்குகிறது. ‘பூலான்ஜெரி’ என்று பலகை மாட்ட வேண்டுமானால் அதே இடத்தில் மாவு பிசைந்து அங்கேயே சுட வேண்டும் என்பது 1998 முதல் சட்டம். அந்தப் பலகை இல்லாமல் ரொட்டி விற்கும் இடம் பெரும்பாலும் வேறெங்கோ பிசைந்ததையோ சுட்டதையோ வாங்கி விற்கிறது என்று அர்த்தம். உள்ளே போனதும் வெறும் பாகெட் என்று கேட்காமல் ‘திரதிசியோன்’ என்று கேளுங்கள். 1993ஆம் ஆண்டு அரசாணைப்படி அதில் மாவு, தண்ணீர், உப்பு, நொதி ஆகியவைதான் அடிப்படை. வேதிச் சேர்மானங்கள் கூடாது, மாவை உறைய வைக்கவும் கூடாது. மேல்தோல் நன்றாகச் சிவந்து மொறுமொறுவென்று வேண்டுமானால் ‘பியான் குயித்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெளிறியதாக, பல்லுக்கு மெத்தென்று வேண்டுமானால் ‘பா த்ரோ குயித்’.

5. பாகெட்டில் எண்ணெயோ வெண்ணெயோ கிடையாது. அதனால் காலையில் வாங்கியது இரவுக்குள் விறைத்துவிடும். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதும். நாலு நாள் தாங்க வேண்டுமானால் புளித்த மாவில் செய்த பெரிய நாட்டு ரொட்டியை வாங்குங்கள். வெட்டிய முகம் கீழே இருக்கும்படி மரப்பலகையில் கவிழ்த்து, மேலே பருத்தித் துணி போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் தோல் நமத்துப் போகும், குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சீக்கிரமே காய்ந்து போகும். விறைத்துப்போன பாகெட்டைக் குழாயடியில் ஒரு நொடி காட்டி நனைத்துச் சூடான ஓவனில் ஐந்து நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுக்கும். இரண்டாம் முறை இது பலிக்காது, உடனே சாப்பிட்டுவிட வேண்டும். அதற்கும் தேறாததைப் பாலிலும் முட்டையிலும் ஊறவைத்து வெண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவினால் மாலைச் சிற்றுண்டி. கடைக்காரரின் வார விடுமுறை எந்த நாள் என்று கதவில் ஒட்டியிருக்கும். முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

6. வாரச்சந்தை நாட்களை ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டி வையுங்கள். அதுவே உங்கள் பயணத் திட்டமும் ஆகிவிடும். காஓரில் தேவாலயத்தின் முன்னால் புதனும் சனியும். வில்ஃபிரான்ஷ்-த-ருவேர்க்கில் வியாழன். 1252இல் கட்டம் கட்டமாகத் திட்டமிட்டு எழுப்பிய ஊர் அது. நாலு பக்கமும் வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த சதுக்கத்தில் கடைகள் விரியும். சான்-அந்தொனான்-நோபிள்-வாலில் ஞாயிறு. பக்கத்து தோர்தோஞ் மாவட்டத்துச் சார்லாவில் புதனும் சனியும். சந்தைக்குக் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, பன்னிரண்டரைக்கு மேல் கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். சில்லறைக் காசு அவசியம்.

7. எதையும் வாங்காமல் முதலில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். ஒரு மேசையில் இரண்டே வகைக் காய், மண் ஒட்டிய கீரைத்தண்டு, நாலைந்து முட்டை அட்டை என்று இருந்தால் அவர் தோட்டக்காரர். வாழைப்பழமும் மாம்பழமும் அன்னாசியும் அடுக்கியிருந்தால் மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்பவர். இருவரும் வேண்டியவர்கள்தான், ஆனால் தக்காளியைத் தோட்டக்காரரிடமே வாங்குங்கள். விலை பேசும் வழக்கம் உணவுச் சந்தையில் கிடையாது.

8. கோடையில் கேர்சி வட்டாரத்து முலாம்பழம் பிரசித்தம். விற்பவர் ‘மதியத்துக்கா, ராத்திரிக்கா, நாளைக்கா?’ என்று கேட்பார். உண்மையான நேரத்தைச் சொல்லுங்கள். அவர் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் கனம் பார்த்து, காம்பைச் சுற்றி மெல்லிய விரிசல் விட்டிருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவி, முகர்ந்து எடுத்துத் தருவார். தானே தேர்ந்தெடுப்பதைவிட அவர் கையில் விடுவது நல்லது. சந்தையில் நான் கண்ட மிக நேர்மையான வியாபாரம் இது.

9. ரொக்கமதூர் ஆட்டுப்பாலாடைக்கட்டி 35 கிராம் எடையுள்ள சின்ன வட்டு, வடை அளவில் இருக்கும். இளசாக வாங்கினால் தயிர் மாதிரிக் குழையும், வைக்க வைக்கக் காரம் ஏறும். பாலாடைக்கட்டி எதையும் பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள். கடைத் தாளிலேயே சுற்றிக் குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்து, சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். அந்தப் பகுதி வால்நட் எண்ணெயும் அருமையானது. ஆனால் தாளிக்க உதவாது, சூடேறினால் கசக்கும். சாலட்டிலும் வேகவைத்த உருளைக்கிழங்கிலும் ஊற்றுங்கள். திறந்த புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் சிக்கு வாடை வந்துவிடும்.

10. நம் சமையலுக்கு: பல்பொருள் அங்காடியில் ‘லாந்தீய் கொராய்’ என்று விற்பது நம் மைசூர்ப் பருப்புதான். லு புய் பச்சை லாந்தீயை ஊறவைக்கத் தேவையில்லை, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். வீட்டில் பிரெஞ்சு பிரஷர் குக்கர் இருந்தால் விசிலுக்காகக் காத்திருக்காதீர்கள். அதன் வால்வு விட்டு விட்டுக் கூவாமல் தொடர்ந்து உஸ்ஸென்று ஆவி விடும். அந்தச் சத்தம் தொடங்கியதும் அடுப்பைக் குறைத்து நிமிடக் கணக்கில் வேகவிடுங்கள். கறிவேப்பிலை, பெருங்காயம், புளி மூன்றும் கிராமத்தில் கிடைக்காது.

11. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் உணவகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் சிரமம். வாத்தும் ஆட்டுக்கறியும்தான் அந்தப் பகுதியின் பெருமை, சூப்பில்கூடப் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால் ஏதாவது நல்லதாகச் செய்து வைப்பார்கள். ஒரு ஜாடிக் குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் சாப்பாட்டோடு இலவசம். ‘காராஃப் தோ’ என்று கேளுங்கள், இல்லாவிட்டால் காசுக்கு விற்கும் புட்டித் தண்ணீர் மேசைக்கு வரும்.

12. கல்வீட்டின் மரச் சன்னல் கதவுகள் அழகுக்காக வைத்தவை என்று நினைத்துவிடாதீர்கள். ஜூலை வெயிலில் காலை ஒன்பது மணிக்கே வெயில் விழும் பக்கத்துக் கதவுகளைச் சாத்தி, கண்ணாடியையும் மூடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் எல்லாவற்றையும் திறந்து எதிரெதிர்க் காற்று ஓடவிடுங்கள். தடித்த கல்சுவர் இரவுக் குளிரை இழுத்து வைத்துக்கொண்டு மறுநாள் பிற்பகல் வரை வீட்டைக் காக்கும். குளிர்காலத்தில் முறை மாறும்: பகலில் வெயிலை உள்ளே விட்டு, இருட்டியதும் சாத்திவிட வேண்டும்.

13. மின்சாரத்தில் ‘எர் க்ரூஸ்’ என்ற மலிவு நேரம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், பெரும்பாலும் இரவில். அந்த வசதி உள்ள வீட்டில் வெந்நீர்த் தொட்டி அப்போதுதான் சூடாகும். தொட்டி காலியானால் அன்று மீண்டும் வெந்நீர் வராமல் போகலாம் என்பதால் குளியலையும் பாத்திரத்தையும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஓவன், துவைக்கும் இயந்திரம், கெட்டில் மூன்றையும் ஒரே சமயம் போட்டால் மின் இணைப்பின் அளவு தாண்டித் துண்டித்துவிடும். ஒன்றை அணைத்துவிட்டு, லிங்கி எனப்படும் பச்சை மீட்டரின் ‘+’ பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மின்சாரம் திரும்பிவிடும்.

14. விறகு ‘ஸ்தேர்’ கணக்கில் விற்கப்படும். ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை அடுக்கினால் ஒரு கன மீட்டர், அதுதான் ஒரு ஸ்தேர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதே விறகை 50 செ.மீ. துண்டாக அறுத்து அடுக்கினால் இடைவெளி குறைந்து 0.8 கன மீட்டர்தான் வரும், 33 செ.மீ. என்றால் 0.7. இறக்கிய விறகை அளந்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஓக் விறகு குறைந்தது இரண்டு ஆண்டு காய்ந்திருக்க வேண்டும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: கணீரென்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் ஈரம். ஈர விறகு சூடு தராது, புகைக்கூண்டில் கரிப்பிசினைப் படிய வைத்துத் தீப்பிடிக்கச் செய்யும். நீண்ட நாள் வாடகை என்றால் புகைக்கூண்டைச் சுத்தம் செய்த சான்றிதழை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். விபத்தென்றால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான்.

15. அடுப்பின் கண்ணாடி கரி பிடித்துக் கறுத்துப் போனால் மருந்து எதுவும் வாங்க வேண்டாம். செய்தித்தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, ஆறிய வெண்சாம்பலில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். கரி குழம்பாகக் கழன்று வரும். இன்னொரு ஈரத்தாளால் துடைத்தால் கண்ணாடி பளிச்சிடும். சாம்பலை எடுத்துப் போட உலோக வாளி மட்டுமே. அடியில் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும்.

16. நிலமே சுண்ணாம்புக்கல் என்பதால் தண்ணீர் கடினமானது. கெட்டிலின் அடியில் வெள்ளை ஓடு கட்டும், குழாய் முனை அடைக்கும். அங்காடியில் மிக மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர்தான் இதற்கு மருந்து. கெட்டிலில் பாதி வினிகர், பாதித் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி ஒரு மணி நேரம் விட்டுக் கொட்டுங்கள். குழாய் முனையில் வினிகர் நனைத்த துணியை இரவில் கட்டிவிடுங்கள். ஆனால் கல் தளத்திலும் கல் தொட்டியிலும் வினிகர் படவே கூடாது, அது சுண்ணாம்புக் கல்லையும் அரித்துவிடும். அங்கே சவோன் நுவார் என்ற எண்ணெய்ச் சோப்புக் குழம்பைத் தண்ணீரில் கரைத்துத் துடையுங்கள், சிவப்பு ஓட்டுத் தரைக்கும் அதுவே ஏற்றது. வினிகரையும் ப்ளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுவாயு வரும்.

17. ஒதுக்குப்புற வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது, தனிக் கழிவுத்தொட்டிதான். ப்ளீச், சமையல் எண்ணெய், ஈரத்தாள் எதையும் உள்ளே விடாதீர்கள். குப்பை வண்டி வாசலுக்கு வராத ஊர்களில் சாலை முனைத் தொட்டிக்கு நாமே கொண்டுபோக வேண்டும். புட்டிகளுக்கும் ஜாம் சீசாக்களுக்கும் தனித் தொட்டி உண்டு. உடைந்த கண்ணாடிக் குவளையை அதில் போடக் கூடாது. அது வேறு வகைக் கண்ணாடி.

18. கார் ஓட்ட: இந்திய உரிமத்தோடு சர்வதேச அனுமதிச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சிவப்பு விளிம்பு போட்ட ஊர்ப்பெயர்ப் பலகையைக் கடந்தால் 50 கி.மீ. வேகம், வேறு பலகை தேவையில்லை. அதே பெயர் குறுக்குக்கோடு போட்டு வந்தால் ஊர் முடிந்தது. வெளியே, நடுவில் தடுப்பில்லாத சாலைகளில் 2018 முதல் பொதுவாக 80. சில மாவட்டங்கள் 90க்குத் திரும்பியுள்ளன என்பதால் பலகையைப் பாருங்கள். கிராமச் சந்திப்பில் எந்தக் குறியும் இல்லையென்றால் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அது சின்னச் சந்தாக இருந்தாலும் சரி. உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டும்படி ஒளிரும் மஞ்சள் சட்டையும், காரில் முக்கோணப் பலகையும் கட்டாயம். தொட்டி பாதியானதும் எரிபொருள் நிரப்புங்கள், பல கிராமங்களில் பங்க் கிடையாது. ‘கஸோல்’ என்றால் டீசல்.

19. கார் இல்லாவிட்டால் பாரிஸ் ஆஸ்தர்லிட்சிலிருந்து துலூஸ் போகும் ரயிலில் சூயாக், கூர்தோன், காஓர் நிறுத்தங்களில் இறங்கலாம். அங்கிருந்து பேருந்து உண்டு, ஆனால் நாளுக்குச் சில தடவைதான். பேருந்து நேரத்தைப் பார்த்த பிறகு வீட்டை முடிவு செய்யுங்கள்.

20. நடைபாதைக் குறிகள் மரத்திலும் கல்லிலும் வண்ணம் பூசி இருக்கும். வெள்ளை மேல், சிவப்பு கீழ் என்றால் நெடுந்தூரப் பாதை. ஃபிஜாக், கஜார்க், காஓர் வழியாக ஸ்பெயினின் சந்தியாகோ வரை போகும் யாத்திரைப் பாதை அப்படிப்பட்டது. ஒற்றை மஞ்சள் கோடு உள்ளூர்ச் சுற்று, இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும். தம்பதிகளுக்கு அதுவே போதும். பெருக்கல் குறி இருந்தால் தவறான வழி, திரும்பிவிடுங்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம். ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு நடங்கள், ‘ஷாஸ் ஆன் கூர்’ (வேட்டை நடக்கிறது) பலகை கண்டால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். வீடு திரும்பியதும் ஒருவர் முதுகை ஒருவர் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மருந்தகத்தில் விற்கும் சின்னக் கொக்கியால் சுழற்றி எடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவதும் சூடு வைப்பதும் கூடாது.

21. இலையுதிர் காலத்தில் காட்டில் காளான் பொறுக்க அழைப்பார்கள். பொறுக்கியதை உள்ளூர் மருந்தகத்தில் காட்டுங்கள், காளான் அடையாளம் காண்பது பிரெஞ்சு மருந்தாளுநர் படிப்பில் உண்டு. வகை வகையாகப் பிரித்து, அடிக்காம்போடு கொண்டுபோக வேண்டும். அவர் சந்தேகப்பட்டால் முழுக் கூடையையும் கொட்டிவிடுங்கள்.

22. ‘பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்’ என்ற சங்கத்தை 1982இல் தொடங்கியவர் கொலோஞ்-லா-ரூஜ் மேயர் ஷார்ல் செராக். இரண்டாயிரத்துக்கும் குறைவான மக்கள்தொகையும் பாதுகாக்கப்பட்ட இரண்டு இடங்களாவதும் இருந்தால்தான் ஒரு ஊர் விண்ணப்பிக்கவே முடியும். செங்குத்துப் பாறைமேல் நிற்கும் சான்-சீர்-லபோப்பி அந்தப் பட்டியலில் ஒன்று. அங்கே காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை ஆறுக்குப் பின் போங்கள். கூட்டமில்லாத அந்த நேரத்தில்தான் கல்தெருவும் கீழே வளையும் ஆறும் தெரியும். ஓவியக் குகையான பெஷ் மேர்லில் ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால் முன்பதிவு வேண்டும். பதிராக் குகையில் 103 மீட்டர் ஆழத்தில் படகில் போகலாம். ஆண்டு முழுவதும் 13 டிகிரிதான், ஆகஸ்டிலும் கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள். ஃபிஜாக்கில் எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்போலியன் பிறந்த வீட்டில் எழுத்துகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. அரை நாள் ஒதுக்கத் தகுந்தது.

23. பக்கத்து வீட்டார் மாலை ஏழு மணிக்கு ‘அபெரோ’வுக்கு அழைத்தால் அது பானமும் கொறிப்பும், முழு இரவுச் சாப்பாடு ஆகாது. பத்து நிமிடம் தாமதமாகப் போவதே நாகரிகம். நீங்கள் செய்த பக்கோடாவையோ முறுக்கையோ கொண்டுபோனால் மகிழ்வார்கள். பூ வாங்கினால் சாமந்தி வேண்டாம். நவம்பர் 1 அன்று கல்லறைக்கு வைக்கும் பூ அது.

24. வீட்டு முகவரியையும் குக்கிராமத்தின் பெயரையும் தாளில் எழுதித் தொலைபேசியருகே வையுங்கள். மருத்துவ அவசரத்துக்கு 15, தீயணைப்புக்கு 18, ஐரோப்பா முழுதும் 112. இரவில் திறந்திருக்கும் மருந்தகத்தை 3237இல் கேட்கலாம்.

25. எப்போது போவது? ஜூலையும் ஆகஸ்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கே விடுமுறைக் காலம். வாடகை ஏறும், சாலை நிரம்பும். மே மாதம் பசுமை, ஆனால் விடுமுறை நாட்கள் அடுக்கடுக்காக வந்து கடைகள் மூடும். முடிந்தால் செப்டம்பரில் போங்கள்: சந்தையில் முலாம்பழம் இன்னும் இருக்கும், புது வால்நட் வரத் தொடங்கும், வாடகை குறைந்திருக்கும், கடைக்காரர்களுக்கு உங்களோடு நின்று பேச நேரமும் இருக்கும்.